தொழிற்சாலையில் எச்.ஆர். வேலை: டைம் ஆபீஸிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

காலை ஐந்தே முக்காலுக்கு ஏ ஷிப்ட் பஸ்கள் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். ஒரு பஸ் வழியில் நின்றுவிட்டால் நாற்பது பேர் லைனில் இருக்க மாட்டார்கள். இரவு முழுக்க நின்று வேலை பார்த்த சி ஷிப்ட் ஆட்களை சூப்பர்வைசர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்வார். அவர்களுக்குக் கூடுதல் நேர வேலைக்கான ஓ.டி. எழுத வேண்டும். பஸ் கம்பெனியுடையது என்பதால், பிந்தி வந்த நாற்பது பேருக்கும் லேட் மார்க் விழாமல் பார்க்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் சம்பள நாளன்று, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் ஜன்னலில் கூட்டம் நிற்கும். தொழிற்சாலை எச்.ஆர். வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட விஷயங்கள்தான்.

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலைப் படிப்போ எம்.பி.ஏ.வோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் வேலை தேடும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை வரிசையாக எழுதுகிறேன். தொழிலாளியின் வருகை, சம்பளம், பிடித்தம் மூன்றும் பைசா பிசகாமல் இருக்கும் ஆலையில்தான் எச்.ஆர். சொல்லும் மற்ற வார்த்தைகளுக்கு மதிப்பு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அதனால் கணக்கை முன்னால் வைத்தே எழுதியிருக்கிறேன்.

எந்தப் படிப்பு

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நெடுநாளாக இருக்கும் வழி சமூகப் பணிப் படிப்பு. 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி போன்ற இடங்களில் படித்து வந்தவர்களைப் பல ஆலைகளில் பார்க்கலாம். தொழிலாளர் துறையின் கீழ் சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. தொழிலாளர் மேலாண்மையில் பட்டப்படிப்பும், வேலையில் இருந்துகொண்டே படிக்கத் தொழிலாளர் சட்டப் பட்டயமும் அங்கே உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு அந்தப் பட்டயத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எம்.பி.ஏ. படித்தவர்களும் வரலாம், வருகிறார்கள். ஆனால் நலவாழ்வு அலுவலர், அதாவது எல்லோரும் வெல்ஃபேர் ஆபீசர் என்று சொல்லும் பதவிக்குச் சட்ட விதிகளில் தனித் தகுதி சொல்லப்பட்டிருக்கிறது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி 500 தொழிலாளர்கள் இருந்தால் அந்த அலுவலரை வைத்தாக வேண்டியிருந்தது. புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. இடங்கள் கூட வாய்ப்புள்ள பதவி இது. உங்கள் படிப்பு அந்தத் தகுதிக்குள் வருமா என்பதைச் சேரும் முன்பே கல்லூரியில் கேட்டுவிடுங்கள். படித்து முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கூடவே எக்செல். ஆயிரம் பேரின் பஞ்சிங் பதிவையும் ஷிப்ட் பட்டியலையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும். தமிழ் டைப்பிங்கும் தெரிய வேண்டும், நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது தமிழில்தான் இருக்க வேண்டும். இப்போது ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் ஆட்கள் இல்லாத ஆலை குறைவு. அதனால் பேச்சு வழக்கு இந்தி கொஞ்சம் வந்தாலே உங்களுக்குக் கூடுதல் கை கிடைத்த மாதிரி.

எந்த மாதிரி ஆலையில் சேர்வது

பெயர் பெற்ற பன்னாட்டு நிறுவனத்தில் ட்ரெய்னி இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். ஆளெடுப்பு பார்க்கிறவர் இரண்டு வருடமும் ஆளெடுப்பே பார்ப்பார். முன்னூறு, நானூறு பேர் வேலை செய்யும் உதிரிபாக ஆலையிலோ உலோகம் வார்க்கும் ஃபவுண்டரியிலோ சேர்ந்தால் எச்.ஆர். துறையே மூன்று பேர்தான் இருப்பார்கள். காலையில் கேட், பதினொரு மணிக்கு பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிப் பணம் கட்டும் சலான், மதியம் கேன்டீன் கமிட்டி, மாலையில் விபத்து அறிக்கை என்று ஒரே நாளில் எல்லாம் உங்கள் மேஜைக்கு வரும். முதல் மூன்று வருடத்துக்கு இந்த இடம்தான் நல்லது என்பது என் கருத்து. சம்பளம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் கற்றுக்கொள்வது அதிகம்.

எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்குக் களப்பணியும், ஓரிடத்தில் தொடர்ந்து இருந்து பயிற்சி பெறும் பிளாக் ப்ளேஸ்மென்ட்டும் இருக்கும். அதை ஏதாவது ஆபீஸில் கையெழுத்து வாங்கி முடித்துவிடாமல், ஆலைக்குள் இருக்கும் இடமாகக் கேட்டு வாங்குங்கள். முதல் வேலை பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது.

நேர்காணலுக்கு முன் ஒரு சம்பளச் சீட்டு

ஆலையில் வேலை செய்யும் மாமாவிடமோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ ஒரு சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எப்படி வந்தது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நேர்காணலில் புத்தகக் கேள்விகளைவிட இதுதான் அதிகம் வரும்.

சில கணக்குகளைச் சொல்கிறேன். பி.எஃப். சம்பளம் 14,000 ரூபாய் என்றால் தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,680 ரூபாய். நிர்வாகமும் அதே 1,680 கட்டுகிறது. ஆனால் அதில் 8.33 சதவீதம், அதாவது 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய், மீதி 514 மட்டும் பி.எஃப். கணக்கில் சேரும். “கம்பெனி பாதிதான் கட்டுது சார்” என்று பாஸ்புக்கைக் காட்டிக் கேட்கும் தொழிலாளிக்கு இதைப் பொறுமையாக விளக்கத் தெரிய வேண்டும். கட்டாய பி.எஃப்.புக்கான இன்றைய வரம்பு 15,000 ரூபாய்.

ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகம் 3.25 சதவீதம். 18,000 ரூபாய்க்கு 135-ம் 585-ம். வரம்பு 21,000. புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஜூன் மாத உயர்வில் ஒருவரின் சம்பளம் 21,000-ஐத் தாண்டிவிட்டது என்று உடனே ஈ.எஸ்.ஐ.யை நிறுத்திவிடக் கூடாது. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். அந்தக் காலத்தில் 78 நாட்களுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் பிறகு நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். நீங்கள் ஒரு மாதம் விட்ட பிடித்தம் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அவர் குடும்பத்தைத் தாக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு சலான் போடுங்கள்.

ஓ.டி. இரட்டிப்புச் சம்பளம். மாதம் 15,600 என்றால் 26-ஆல் வகுத்து நாளுக்கு 600, எட்டால் வகுத்து மணிக்கு 75, ஓ.டி. மணிக்கு 150. பணிக்கொடை என்னும் கிராஜுவிட்டிக்கும் அதே 26 வரும். கடைசிச் சம்பளம் 26,000, பத்து வருட சேவை என்றால் 26,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 10-ஆலும் பெருக்குங்கள். ஒன்றரை லட்சம்.

முதல் ஆறு மாதம்

டைம் ஆபீஸில் உட்காருங்கள். உங்களை அங்கே போடவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பஞ்சிங் மறந்தவர், ஷிப்ட் மாறி வந்தவர், கேட் பாஸில் வெளியே போனவர், பாதி நாளில் காய்ச்சலோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனவர் என்று எல்லோரும் அந்த ஜன்னலுக்குத்தான் வருவார்கள். ஆறு மாதத்தில் முக்கால்வாசிப் பேரின் முகமும், டிக்கெட் நம்பர் என்னும் பணியாளர் எண்ணும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து வருடம் கழித்து நீங்கள் மேனேஜர் ஆனாலும் அந்தப் பழக்கம் உதவும்.

வயதில் மூத்த ஆபரேட்டரை அண்ணே என்றோ பெயரோடு வாங்க போங்க என்றோ கூப்பிடுங்கள். ஹெல்ப்பர் என்பதற்காக, கான்ட்ராக்ட் ஆள் என்பதற்காக, வடநாட்டுப் பையன் என்பதற்காக ஒருமையில் பேசாதீர்கள். சூப்பர்வைசர் அப்படிப் பேசுகிறார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

புதிதாகச் சேருகிறவரின் ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப். பதிவோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று சேரும் நாளிலேயே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் விரிந்தும் மற்றொன்றில் சுருங்கியும் இருக்கும். பழைய யூ.ஏ.என்., அதாவது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண், இருக்கிறதா என்றும் கேளுங்கள். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் முடிகிற திருத்தம், அவர் மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது மாதக்கணக்கில் இழுக்கும். நாமினி படிவமும் அப்படியே. திருமணமானதும் நாமினியை மாற்றச் சொல்லி நினைவூட்டுவது உங்கள் வேலை.

பகலில் ஒரு மணி நேரமாவது ஷாப் ஃப்ளோரில் நடங்கள். பிரஸ் ஷாப் எது, பெயின்ட் ஷாப் எது, எந்த மெஷினில் கை சிக்கும் ஆபத்து, எந்த இடத்தில் சூடு தாங்காது என்று தெரியாதவரால் ஆளெடுக்கவும் முடியாது, ஒருவர் ஏன் இடமாற்றம் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளவும் முடியாது. காயம் பட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அறிக்கை போக வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கும் விபத்து அறிக்கை தனியாகப் போக வேண்டும். அறிக்கையைத் தவிர்ப்பதற்காகக் கட்டுப் போட்ட கையோடு ஆளைக் கூட்டிவந்து உட்காரவைக்கும் வழக்கத்துக்குத் துணை போகாதீர்கள். பின்னால் அந்தக் கை முடங்கினால், ஊன உதவித்தொகைக்கு அவரிடம் காகிதம் இருக்காது.

தேதிகளும் சட்டமும்

மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் பதினைந்தாம் தேதிக்குள். தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளும் 1958-ம் ஆண்டு மாநிலச் சட்டப்படி உண்டு. அந்த ஐந்தும் எவை என்று தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசி வருடத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் 20 சதவீதம். சட்டம் எட்டு மாதம் அவகாசம் தந்தாலும் தொழிலாளி எதிர்பார்ப்பது தீபாவளிக்கு முன்னால்.

2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன: ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு. இவற்றைப் படிக்காமல் இனி நேர்காணலுக்குப் போகாதீர்கள். குறிப்பாக மூன்று மாற்றங்களைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸாகப் பிரித்துவைக்கும் பழைய தந்திரம் இனிச் செல்லாது. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியமாகவே கணக்கில் வரும். குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் ஆட்களுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை வருகிறது. வேலையை விட்டுப் போகிறவருக்கான ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதே நேரம் பழைய சட்டங்களையும் விட்டுவிட முடியாது. நிலுவையில் உள்ள வழக்குகளும் பழைய ஒப்பந்தங்களும் அந்தப் பிரிவு எண்களில்தான் பேசுகின்றன.

கான்ட்ராக்ட் ஆட்கள்

இதில்தான் உங்கள் நேர்மைக்கு முதல் சோதனை வரும். கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு ஆலை நிர்வாகத்துக்கே வருகிறது. எனவே ஒவ்வொரு மாதமும் கான்ட்ராக்டரின் பில்லைப் பாஸ் செய்யும் முன் அவர் கட்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சலானில் உங்கள் ஆலை ஆட்களின் பெயர்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியதற்கான பட்டியலையும் வாங்குங்கள். சிலரிடம் நீங்களே நேரில் கேளுங்கள், கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது.

தமிழ்நாட்டுக்கே உரிய 1981-ம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 24 மாத காலத்தில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. மாநிலச் சட்டம் என்பதால், ரத்தான அந்த 29 சட்டங்களின் பட்டியலில் இது இல்லை. 470-ம் நாளில் ஒருவரை நிறுத்திவிட்டு வேறு பெயரில் மறுபடி எடுக்கும் யோசனையோடு யாராவது உங்களிடம் வருவார்கள். அதில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்களாக இருக்காதீர்கள். தொழிலாளர் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி நின்று பதில் சொல்லப் போகிறவரும் நீங்கள்தான்.

சோறு, பஸ், விடுதி

கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசவா இத்தனை படித்தோம் என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 1918-ல் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, அவர்கள் சொன்ன குறைகளில் மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. நூறு வருடம் கழித்து, 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டில் பலர் நோயுற்றதும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது.

ஆகவே வாரம் இரண்டு நாளாவது, சொல்லாமல் போய், தொழிலாளர் வரிசையில் நின்று அதே தட்டில் சாப்பிடுங்கள். இரவு ஷிப்ட் சாப்பாட்டையும் பாருங்கள், பகலில் நன்றாக இருப்பது இரவில் இருக்காது. விடுதி இருந்தால் கழிப்பறை எண்ணிக்கை, தண்ணீர், ஒரு அறையில் எத்தனை பேர், வார்டன் எப்படிப் பேசுகிறார் என்று அங்கே தங்கும் பெண்களிடமே கேளுங்கள். பெண்கள் இரவு ஷிப்ட்டுக்கு அவர்களின் சம்மதமும் வீட்டு வாசல்வரை வண்டியும் வேண்டும். பாலியல் தொல்லைத் தடுப்புக்கான உள்ளகக் குழுவின் உறுப்பினர் பெயர்கள் சுவரில் இருந்தால் மட்டும் போதாது. லைனில் நிற்கும் பெண்ணிடம் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அந்தக் குழு இல்லை என்றே கொள்ளுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கை

ஆலையின் நிலையாணைகளை முதல் மாதத்திலேயே தமிழில் வாங்கிப் படியுங்கள். எது தவறு, எது பெருந்தவறு, எதற்கு என்ன தண்டனை என்பது அதில்தான் இருக்கிறது. தவறு நடந்தால் முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பதில் திருப்தி தராவிட்டால் சார்ஜ் ஷீட், பிறகு உள் விசாரணை. குற்றச்சாட்டு நாள், நேரம், இடம், சாட்சி என்று தெளிவாக, அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அவருக்குத் துணையாகச் சக தொழிலாளி இருக்கலாம், நிர்வாகத்தின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். புகார் சொன்னவரே விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது. சஸ்பென்ஷனில் முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகப் போக வேண்டும்.

முறையாக நடக்காத விசாரணை தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்காது. அதைவிட முக்கியம், விசாரணை நியாயமாக நடந்தது என்று லைனில் நிற்கும் மற்றவர்கள் நம்ப வேண்டும். பல நேரங்களில் சார்ஜ் ஷீட் வரை போகவே தேவையில்லை. அடிக்கடி லீவு போடுகிறவரின் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டாலே குடியோ கடனோ நோயாளியான பெற்றோரோ என்று காரணம் வெளியே வரும்.

யூனியன்

சங்கத்தை எதிரியாகப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் சீனியர்கள் இருப்பார்கள். அந்தப் பாடத்தை ஏற்காதீர்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கும் மேல் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பளமும் கோரிக்கையாக இருந்தது. ஆனால் பிரச்சினையின் நடுவில் இருந்தது தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. பேசுவதற்கு ஆள் இருப்பது நிர்வாகத்துக்கும் நல்லது. ஆயிரம் பேரோடு தனித்தனியாகப் பேசி ஊதிய ஒப்பந்தம் போட முடியாது.

ஊதியப் பேச்சுவார்த்தை நடக்கும்போது நிமிடக்குறிப்பு எழுத ஆள் வேண்டும் என்பார்கள். நீங்கள் போய் உட்காருங்கள். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்களில் சொன்னால், நேரடியாக இரு தரப்பும் போடும் 18(1) ஒப்பந்தத்துக்கும், தொழிலாளர் துறை அதிகாரி முன் சமரசத்தில் போடும் 12(3) ஒப்பந்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கேதான் உறைக்கும். முதலாவது கையெழுத்திட்ட தரப்புகளைக் கட்டுப்படுத்தும், இரண்டாவது சங்கத்தில் இல்லாதவர்களையும் சேர்த்து ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். சட்டத் தொகுப்பில் பிரிவு எண்கள் மாறியிருந்தாலும் ஆலையில் இன்னும் இந்த எண்களைத்தான் சொல்கிறார்கள்.

உங்களால் முடிவெடுக்க முடியாத விஷயத்துக்கு “பாத்துக்கலாம்ணே” என்று சொல்லி அனுப்பாதீர்கள். தொழிலாளி அதை வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார். யாரிடம் கேட்க வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று சொல்லுங்கள். அந்தத் தேதியில் பதில் ‘இல்லை’யாக இருந்தாலும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

மூன்று வருடம் கழித்து

ட்ரெய்னி, எக்ஸிக்யூட்டிவ், சீனியர் எக்ஸிக்யூட்டிவ், அசிஸ்டென்ட் மேனேஜர் என்று படிகள் போகும். நடுவில் பாதை பிரியும். ஐ.ஆர். என்னும் தொழில் உறவுப் பக்கம் போகிறவர்கள் சட்டப் பட்டயமோ பி.எல். படிப்போ சேர்த்துக்கொண்டால் நல்லது. பயிற்சிப் பக்கம் விருப்பம் உள்ளவர்கள் 1961-ம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தையும் ஐ.டி.ஐ. தொடர்புகளையும் கையில் எடுக்கலாம். ஆலைக்கே எச்.ஆர். தலைவராக வர விரும்புகிறவர், ஒரு முழு ஊதிய ஒப்பந்தம், ஒரு தொழிலாளர் நீதிமன்ற வழக்கு, தொழிலகப் பாதுகாப்பு இயக்கக ஆய்வு ஒன்று ஆகிய மூன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை கூட இருந்து பார்த்திருக்க வேண்டும். இந்த மூன்றும் கிடைக்காத இடத்தில் இருந்தால், சம்பள உயர்வைவிட இவை கிடைக்கும் ஆலையைத் தேடி மாறுங்கள்.

மாறும்போது நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, யாருடைய மனு உங்கள் மேஜையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பெயர், டிக்கெட் நம்பரோடு எழுதி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.